லேண்ட்மேன் முதல் சீசன்: எண்ணெய் விஷயத்தில் எங்கெல்லாம் கோட்டை விட்டிருக்கிறார்கள்?

கரிசல்காட்டான்:

டெக்சாஸ் எண்ணெய் வயலைப் பற்றிய லேண்ட்மேன் தொடரின் முதல் சீசனில் பத்து எபிசோடையும் பார்த்து முடித்துவிட்டேன். கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் இப்போதே நகர்ந்துவிடுங்கள்.

பில்லி பாப் தார்ன்டனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. டாமி நாரிஸாக அந்த மனிதர் வாயைத் திறந்தால் தலையாட்டிக்கொண்டே கேட்கத் தோன்றுகிறது. சிக்கலும் அங்கேதான். அவர் சொல்கிற தோரணையில் எதைச் சொன்னாலும் உண்மையாகவே படுகிறது. இரண்டாவது முறை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் சந்தேகங்கள் கிளம்பின.

முதலில் சிகரெட். எண்ணெயும் எரிவாயுவும் வருகிற இடத்திலேயே ஊதித் தள்ளுகிறார். அடுத்து பயணம். முதலாளி மான்டி இருப்பது ஃபோர்ட் வொர்த்தில், டாமி தங்கியிருப்பது மிட்லண்டில். இரண்டு ஊருக்கும் நடுவே தூரம் என்று ஒன்று இருப்பதாகவே கதையில் தெரியவில்லை. அப்புறம் அந்தக் கிணற்று வெடிப்பு. டாமியின் மகன் கூப்பர் வேலைக்குச் சேர்ந்த கையோடு, கூட வேலை பார்த்த மூன்று பேரும் செத்துப்போகிறார்கள். ட்ரக்கிலிருந்து கருவி எடுத்துவரப் போனதால் இவன் மட்டும் தப்பிக்கிறான். இறுகிப்போன வால்வைத் திறக்க ரெஞ்சைச் சுத்தியலால் அடிக்கிறார்கள், பொறி பறக்கிறது, எல்லாம் முடிந்தது. நிஜத்தில் இப்படி நடக்குமா?

தொடரை டெய்லர் ஷெரிடனோடு சேர்ந்து உருவாக்கிய கிறிஸ்டியன் வாலஸ் மேற்கு டெக்சாஸ்காரர், எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்த்தவர். அவர் செய்த பூம்டவுன் பாட்காஸ்ட்தான் இதற்கு மூலம். தெரியாமல் செய்த தவறுகள் என்று விட்டுவிட முடியாது. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சேறு_மணி:

வளைகுடாவில் மட் இன்ஜினியராக, அதாவது தோண்டும் கிணற்றுக்குள் விடும் சேற்றைப் பார்த்துக்கொள்கிறவனாக இருக்கிறேன். ரிக்கில்தான் பிழைப்பு, அதனால் இந்தத் தொடரைக் கூடவேலை பார்ப்பவர்களோடு உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

சிகரெட் பற்றி விவாதமே வேண்டாம். எங்கள் ரிக்கில் கேட்டிலேயே லைட்டரை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே புகைக்க ஒரே ஒரு கூண்டு, அதையும் காற்று வீசும் திசை பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். டெக்சாஸில் சின்னக் கம்பெனிகளில் பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்று அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்வார்கள். அப்படியே இருந்தாலும் கிணற்றுத் தலை பக்கத்தில் பற்றவைக்கிறவனை அடுத்த ஷிஃப்டில் பார்க்க முடியாது.

வெடிப்புக் காட்சிக்கு வருகிறேன். நடக்குமா என்றால், நடக்கும். வாயு கசியும் இடத்தில் இரும்பும் இரும்பும் மோதினால் போதும். அதற்காகவே அலுமினியம் வெண்கலம் மாதிரியான உலோகத்தில் பொறி பறக்காத சுத்தியலும் ரெஞ்சும் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் என் கேள்வி வேறு. மீத்தேன் காற்றில் 5 சதவீதம் கலந்தால்தான் தீப்பிடிக்கும். ஒவ்வொருவர் சட்டையிலும் மாட்டியிருக்க வேண்டிய கேஸ் மானிட்டர், பெரும்பாலும் அந்த 5 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு வந்ததுமே கத்த ஆரம்பித்துவிடும். காது வலிக்கிற சத்தம். வெடிக்கும் அளவுக்கு வாயு சேர்ந்திருக்கிறது என்றால் அதற்கு வெகு முன்பே அந்த ஆட்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓடியிருக்க வேண்டும். அதுமட்டுமா? வேலை தொடங்கும் முன்பே எண்ணெயை மேலே இழுக்கும் பம்ப்ஜாக்கை நிறுத்தி, பிரேக் போட்டு, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, லைனில் இருக்கும் அழுத்தத்தை மெல்ல இறக்கி, பெர்மிட்டில் கையெழுத்து வாங்கி... இதையெல்லாம் காட்டினால் எபிசோடே முடிந்துவிடும், தெரியும். ஆனாலும் முதல் நாள் ஆளை இப்படி நேராகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகமாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவைச் சமாளிப்பதற்கான சான்றிதழ் இரண்டும் கையில் இல்லாமல் கேட்டைத் தாண்டவே முடியாது.

ஹூஸ்டன்வாசி:

மிட்லண்ட் பக்கம் வேலையாகப் போய்வருகிற ஆள் நான். கரிசல்காட்டான் கேட்ட தூரத்துக்குப் பதில்: இன்டர்ஸ்டேட் 20இல் சுமார் 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர். வழியில் நிற்காமல் ஓட்டினாலும் நாலரை மணி நேரம். மான்டி மாதிரி பணக்காரர் விமானத்தில் பறக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். டாமி பிக்கப்பில் சுற்றுகிற ஆள். காலையில் ஒரு ஊர், மத்தியானம் இன்னொரு ஊர் என்று அவர் தோன்றும்போதெல்லாம் எனக்கு முதுகு வலிக்கிறது.

இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லையா? தொடரின் பெரும்பகுதியை ஃபோர்ட் வொர்த்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துத்தான் எடுத்தார்கள். அதனால் மிட்லண்ட் என்று சொல்லிவிட்டுப் பின்னணியில் பச்சைப்பசேல் என்று புல்லும் நல்ல உயரமான மரங்களும் வந்து நிற்கின்றன. நிஜ மிட்லண்டில் தலையைத் தூக்கினால் வானம், தாழ்த்தினால் வெளிறிய சுண்ணாம்பு மண், நடுவில் இடுப்பளவு மெஸ்கீட் புதர். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம்ம ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான். நிலம் அவ்வளவு தட்டை, இரவில் எரிவாயுவை எரிக்கும் சுடர்கள் வெகு தொலைவிலிருந்தே தெரியும். அந்த வெறுமையை ஃபோர்ட் வொர்த்தில் எப்படி எடுப்பது?

சும்மா_ஒருத்தன்:

இதற்குத்தான் இன்ஜினியர்களோடு சீரியல் பார்க்கக் கூடாது என்பது. போலீஸ் கதை பார்க்கும்போது எஃப்ஐஆர் எத்தனை பிரதி என்றா கேட்கிறோம்? டாமிக்குச் சிகரெட் ஒரு குணச்சித்திரம். மிச்செலோப் அல்ட்ரா பீரைக் குடித்துக்கொண்டே ‘நான் குடியை விட்டுவிட்டேன்’ என்கிற ஆள் அவர். அந்த மாதிரி மனுஷன் என்று காட்டத்தானே எல்லாம்.

கரிசல்காட்டான்:

சும்மா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. சிகரெட்டை விட்டுவிடுவோம், பார்க்கிறவனுக்கே அது தப்பென்று தெரியும். யாரும் அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் பற்றவைக்கப் போவதில்லை. ஆனால் துறை தெரியாதவன் பார்த்து ‘ஓ, இப்படித்தான் போலிருக்கிறது’ என்று நம்பிவிடுகிற தவறுகள் உண்டே, எனக்கு வேண்டியது அவைதான். அது சரி, தொடக்கக் காட்சியில் போதைக் கும்பலிடம் கட்டுண்டு கிடக்கும் டாமி, ‘நிலம் உங்களுடையது, கீழே இருப்பது எங்களுடையது’ என்று சட்டம் பேசுகிறாரே, அதுவும் கதைதானா?

பத்திரம்:

அது கதை இல்லை. தொடரிலேயே உருப்படியான பகுதி அதுதான் என்பேன். தலையில் முக்காடு போட்டுக் கட்டிவைக்கப்பட்ட ஒரு ஆள் டெக்சாஸ் சொத்துரிமைச் சட்டத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

டெக்சாஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒரு சொத்து, அடியில் இருக்கும் கனிமம் தனிச் சொத்து. தாத்தா நிலத்தை விற்கும்போது கனிமத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். அது பேரப்பிள்ளைகள் கைக்கு வரும்போது எட்டில் ஒன்று, அறுபத்து நாலில் ஒன்று என்று சிதறியிருக்கும். இரண்டில் கனிமத்துக்குத்தான் முன்னுரிமை. குத்தகை எடுத்தவர் எண்ணெய் எடுக்கத் தேவையான அளவுக்கு மேற்பரப்பில் சாலை போடலாம், தளம் அமைக்கலாம், நிலத்துக்காரர் மறிக்க முடியாது. முழுக்கக் கைகட்டி நிற்கவும் வேண்டாம். ஏற்கெனவே நடக்கிற விவசாயத்தை, வேறு வழி இருந்தும் கெடுக்கக் கூடாது என்று 1971இல் கெட்டி ஆயிலுக்கு எதிரான ஒரு வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. இங்கே வயலுக்கு அடியில் எண்ணெய் இருந்தால் நிலத்துக்காரருக்கு மேற்பரப்புக்கான இழப்பீடு மட்டும்தான், ராயல்டி அரசுக்கு. அங்கே கனிம உரிமை வைத்திருப்பவருக்கு விற்பனையில் எட்டில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். மேற்கு டெக்சாஸின் பெர்மியன் எண்ணெய்ப் பகுதியில் இப்போது ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்றுவரை பேசி வாங்குகிறார்கள். சும்மா இருந்த வயதான பாட்டி ஒரே குத்தகையில் பணக்காரியாகிற கதையெல்லாம் அங்கே நிஜம்.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. டாமி செய்வது லேண்ட்மேன் வேலையே இல்லை! நிஜ லேண்ட்மேன் பகல் முழுக்க கவுன்ட்டி நீதிமன்றப் பதிவறையில் கனத்த பத்திரப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். யார் யாருக்கு விற்றார், எந்த உயிலில் எந்தப் பங்கு போனது, விவாகரத்தான மனைவியின் கையெழுத்து ஏன் இல்லை. இதைத் துருவி முடித்த பிறகு, குத்தகைப் பத்திரத்தோடு வீட்டு வாசலில் போய் நிற்பார். டாமியோ தீயணைக்கிறார், விபத்துக்கு ஓடுகிறார், கும்பலோடு பேரம் பேசுகிறார், வக்கீலுக்குப் பாடம் எடுக்கிறார். செயல்பாட்டு மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, அடியாள் மூன்றையும் ஒரே சம்பளத்தில் பார்க்கிறார். பதிவறையை வைத்துப் பத்து எபிசோடு எடுத்தால் நான் ஒருவன்தான் பார்ப்பேன், அதுவும் தெரியும்.

இறந்தவர்களின் குடும்பத்தோடு நடக்கும் இழப்பீட்டுப் பேச்சில் ஒரு விஷயம். தனியார் முதலாளி தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸில் கட்டாயம் இல்லை. அமெரிக்கா முழுக்க அப்படி ஒரு மாநிலம் அதுதான். காப்பீடு இல்லாவிட்டால் வழக்குதான், அதனால் அங்கே வக்கீல்கள் அவ்வளவு வேகமாக வந்து இறங்குவதில் மிகை ஒன்றும் இல்லை.

காற்றாடி_முப்பந்தல்:

கரிசல்காட்டான் கேட்ட ‘நம்பிவிடுகிற தவறு’ என் துறையில்தான் இருக்கிறது. காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். டாமி வக்கீல் ரெபேக்காவைக் காற்றாலைகளுக்குக் கீழே நிறுத்தி ஒரு பிரசங்கம் செய்வாரே, அதை என் வாட்ஸ்அப்புக்குக் குறைந்தது ஒரு டஜன் பேராவது அனுப்பியிருப்பார்கள். கூடவே ‘பாத்தியா?’ என்று ஒரு வரி.

அவர் சொல்வதில் பாதி உண்மை. கோபுரம் எஃகு, அடித்தளம் கான்கிரீட், தூக்கி நிறுத்தும் கிரேன் டீசலில் ஓடுகிறது, கியர்பாக்ஸுக்கே நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் வேண்டும். மறுக்கவில்லை, அந்த எண்ணெயை மாற்றுகிற ஆளே நான்தான். ஆனால் அதே மூச்சில், 20 வருட ஆயுளில் ஒரு காற்றாலை தன்னைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனை ஈடுகட்டாது என்கிறாரே, அது சுத்தப் பொய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 மெகாவாட் இயந்திரம், மேற்கு டெக்சாஸ் காற்றில் 38 சதவீதத் திறனில் ஓடுகிறது என்றால் வருடத்துக்குச் சுமார் 1 கோடி யூனிட். 2014இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி வெளியிட்ட அறிக்கையில், நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குத் தயாரிப்பிலிருந்து கழற்றிப்போடுவது வரை எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 11 கிராம் என்பது நடுமதிப்பு. 20 வருடத்துக்கு 20 கோடி யூனிட் என்றால் மொத்தம் 2,200 டன். அதே அறிக்கையில் எரிவாயு மின்நிலையத்துக்கு யூனிட்டுக்கு 490 கிராம், நிலக்கரிக்கு 820. அந்த 1 கோடி யூனிட்டை எரிவாயுவில் தயாரித்தால் ஒரே வருடத்தில் 4,900 டன். ஆக, ஆறு மாதத்துக்குள் கணக்கு நேராகிவிடுகிறது. மீதிப் பத்தொன்பதரை வருடமும் லாபம்தான்.

இன்னொன்று, அங்கே மின்கம்பி இல்லாததால் எண்ணெய்க் கிணறுகளை ஓட்டத்தான் அந்தக் காற்றாலைகள் என்கிறார். மேற்கு டெக்சாஸ் காற்று மின்சாரத்தை டல்லாஸ் பக்கம் கொண்டுவரவே சுமார் 700 கோடி டாலர் செலவில் நீள நீளமாக மின்பாதை போட்டார்கள், 2014 வாக்கில் வேலை முடிந்தது. அமெரிக்காவிலேயே காற்றில் அதிக மின்சாரம் எடுக்கும் மாநிலம் டெக்சாஸ். அதில் பெரும்பகுதி நகரத்து ஏசிக்குப் போகிறது.

சும்மா_ஒருத்தன்:

ஆனால் அது ஷெரிடன் பேசியது இல்லையே? எண்ணெயில் பிழைக்கிற ஒருவன் என்ன பேசுவானோ அதைத்தான் டாமி பேசுகிறார். கதாபாத்திரம் பொய் சொன்னால் அது எப்படித் தகவல் பிழையாகும்?

காற்றாடி_முப்பந்தல்:

நல்ல கேள்வி. எதிரில் நிற்பது யார்? பெரிய கம்பெனிகளைக் கதிகலங்க வைக்கிற வக்கீலாக அறிமுகமான பெண். அந்த இடத்தில் மட்டும் ஒரு கேள்விகூட உருப்படியாகக் கேட்காமல் நிற்கிறாள். அவள் வாயை எழுத்தாளர் கட்டிப்போட்டுவிட்டு டாமியை மட்டும் பேசவிட்டால் அது கதாபாத்திரத்தின் கருத்து என்று எப்படி எடுத்துக்கொள்வது? இந்தத் தொடருக்கு நடுவே எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கமான அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் விளம்பரம் ஓட்டியது என்பதையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லித்தான் எழுதினார் என்று சொல்லவரவில்லை. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய_டிவி:

எண்ணெய்க் குடும்பச் சீரியல் என்றால் பழைய டல்லாஸ் தொடரைப் பேசாமல் இழையை மூடக் கூடாது. தொடர்ச்சிப் பிழைக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. 1985இல் பாபி ஈவிங் கார் மோதிச் செத்துப்போகிறார். ஒரு சீசன் முழுக்க அவர் இல்லாமல் ஓடுகிறது. 1986இல் அவருடைய முன்னாள் மனைவி பாம் குளியலறைக் கதவைத் திறந்தால் உள்ளே பாபி குளித்துக்கொண்டிருக்கிறார்! நடந்ததெல்லாம் பாம் கண்ட கனவு என்று சொல்லி ஒரு வருடக் கதையையே துடைத்துப்போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதிலிருந்து கிளைத்த நாட்ஸ் லேண்டிங் தொடரில் பாபி செத்தவர் செத்தவர்தான். அண்ணன் கேரியின் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்குச் செத்துப்போன தம்பியின் பெயரை வைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தையை என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு சீசனுக்கு மட்டும் அம்மா மிஸ் எல்லி வேறு முகத்தோடு வந்துவிட்டுப் போனார், வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

தகவல் என்று பார்த்தால், டல்லாஸ் நகரம் எண்ணெய்க்காரர்களின் வங்கியும் அலுவலகமும் இருந்த இடம். 1930இல் கண்டுபிடித்த பெரிய வயல் கிழக்கு டெக்சாஸில், பெர்மியன் மேற்கில். பாபியின் பெரிய அண்ணன் ஜே.ஆர். கையில் கிரீஸ் பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த விதத்தில் லேண்ட்மேன் எவ்வளவோ மேல், ஆட்கள் அழுக்காகிறார்கள்.

கரிசல்காட்டான்:

முதல் சீசனின் காலக் கணக்கும் டல்லாஸுக்குச் சளைத்ததில்லை பழைய_டிவி. கிணற்று வெடிப்பில் செத்த புருஷனைப் புதைத்த ஈரம் காயுமுன் அரியானாவுக்கும் கூப்பருக்கும் நெருக்கம் வந்துவிடுகிறது. உயிர் போகிற அளவுக்கு அடிவாங்கிய கூப்பர் எழுந்து உட்கார்ந்ததும் சொந்தமாகக் குத்தகை பிடிக்கக் கிளம்பிவிடுகிறான். பத்திரம் சொன்ன பதிவறை வேலையை அவன் எப்போது செய்தான்?

சேறு_மணி, ஒரு சந்தேகம். எண்ணெய் கிடைத்தால் கருப்பாக வானத்துக்குப் பீய்ச்சியடிக்கும், கீழே நின்று எல்லாரும் நனைந்து ஆடுவார்கள் என்றுதான் சினிமா பார்த்து வளர்ந்திருக்கிறேன். இப்போதும் அப்படி வருமா?

சேறு_மணி:

வந்தால் ஆடமாட்டோம், ஓடுவோம். 1901 ஜனவரியில் டெக்சாஸின் போமான்ட் பக்கம் ஸ்பின்டில்டாப்பில் அப்படி அடித்தது. 150 அடி உயரம், நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள், ஒன்பது நாள் கழித்துத்தான் மூட முடிந்தது. சினிமாக்காரர்கள் அந்தப் படத்தை இன்னும் விடவில்லை. இன்றைக்கு அதற்குப் பெயர் ப்ளோஅவுட், வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து. அது வராமல் தடுக்கத்தான் நான் சேற்றின் எடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிணற்றுக்குள் நிரம்பியிருக்கும் சேறு, கீழே இருக்கும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தால் எண்ணெய் உள்ளேயே கிடக்கும். தப்பினால், மேலே கிணற்று வாயை அடைக்கும் பிஓபி வால்வு மூடும். அதுவும் தப்பினால்தான் நீங்கள் சொல்கிற ஆட்டம்.

பெர்மியனில் இன்றைய கிணறு பெரும்பாலும் கிடைமட்டக் கிணறு. கீழே சுமார் 3 கிலோமீட்டர் போய், அங்கிருந்து பக்கவாட்டில் இன்னும் 3, 4 கிலோமீட்டர் போகும். தோண்டி முடித்ததும் எண்ணெய் வந்துவிடாது. ரிக் கிளம்பிப் போய்விடும். வேறு ஒரு கூட்டம் பம்ப் லாரிகளோடு வந்து, தண்ணீரும் மணலும் அடித்துப் பாறையை உடைக்கும். அப்புறம் குழாய்கள், தொட்டிகள். முதலில் வருவதில் பெரும்பகுதி அடித்த தண்ணீரேதான். ‘கிடைச்சிடுச்சு’ என்று தொப்பியைத் தூக்கிப்போடுகிற தருணம் என்று ஒன்று இருந்தால், அது யாரோ ஒருவர் ஆபீஸில் ஸ்ப்ரெட்ஷீட் பார்க்கும்போதுதான் நடக்கும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு பீப்பாய் எண்ணெயோடு மூன்று நாலு பீப்பாய் உப்புநீர் வெளியே வருகிறது. அதை லாரியிலும் குழாயிலும் கொண்டுபோய்த் திரும்பவும் பூமிக்குள் செலுத்துகிறார்கள், அதனால் மிட்லண்ட் பக்கம் நிலநடுக்கம் வருகிறது என்று 2021இல் சில இடங்களில் கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள். எண்ணெய் ஊரின் அன்றாடத் தலைவலி அதுதான், டாமிக்கோ போதைக் கும்பல்தான் தலைவலி.

ஹூஸ்டன்வாசி:

லாரிகளைப் பற்றிச் சொன்னீர்களே, அதில்தான் எனக்கு வருத்தம். போதைப்பொருள் விமானம் சாலையில் இறங்க, டேங்கர் வந்து மோதி வெடிப்பதாகக் காட்டினார்கள். அமெரிக்க எண்ணெய் வயல்களில் தொழிலாளர்கள் சாவதற்கு முதல் காரணம் வாகன விபத்துதான். பல மணி நேர ஷிஃப்ட் முடித்து, கண் சொக்கி ஓட்டுகிறவர்கள், இரண்டே வழிச் சாலை, எதிரே மணல் லாரி. பெக்கோஸிலிருந்து நியூ மெக்சிகோ பக்கம் போகிற 285ஆம் நெடுஞ்சாலைக்குச் சாவுச் சாலை என்றே பெயர். அதில் இருட்டிய பிறகு ஓட்டினால் ஹெட்லைட் வரிசைக்கு முடிவே இருக்காது, ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் நம் வண்டி ஒரு ஆட்டம் ஆடும். இதைக் காட்ட விமானமெல்லாம் எதற்கு?

ஒரு இடத்தில் மட்டும் நிஜம் நேராக உள்ளே வந்துவிட்டது. மான்டி மருத்துவமனையில் கிடக்கும்போது டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நிஜ முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ், ஜெர்ரி ஜோன்ஸாகவே வந்து பிள்ளைகளோடு சேர்ந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறார். அவர் எண்ணெய், எரிவாயுத் தொழிலில் சம்பாதித்துத்தான் அந்த அணியை வாங்கினார். மற்றவர்கள் எல்லாம் நடிக்க, இவர் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போகிறார்.

மட்டுறுத்துநர்:

இரண்டாம் சீசன் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

சும்மா_ஒருத்தன்:

சரி சரி, இவ்வளவு படித்தபிறகு நேரில் பார்க்கணும் போல இருக்கிறது. தம்பி டல்லாஸில்தான் இருக்கிறான், கோடையில் போகிறேன். ரிக்குக்குள் எல்லாம் விடுவார்களா?

ஹூஸ்டன்வாசி:

ரிக்குக்குள் விடமாட்டார்கள். மிட்லண்டில் இன்டர்ஸ்டேட் 20ஐ ஒட்டியே பெட்ரோலியம் மியூசியம் இருக்கிறது, அங்கே போங்கள். வெளியே திறந்தவெளியில் பழைய ரிக், பம்ப்ஜாக் எல்லாம் நிறுத்திவைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாம். கோடை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் அந்த வெயிலில் நிற்க முடியாது. தம்பியிடம் ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், ராத்திரி அங்கேயே தங்க ரூம் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் விலை ஏறியிருக்கும் சமயம் என்றால் மோட்டல் வாடகையும் ஏறியிருக்கும்.